நிறைந்த கிண்ணமும் தீராத தாகமும்



மும்மொழி வழங்கும் நிலம் நம்முடையது. ஓசூர்ச் சந்தையில் ஒருவர் தமிழில் விலை கேட்பார்; கடைக்காரர் தெலுங்கில் விடை சொல்வார்; அருகில் நிற்பவர் கன்னடத்தில் குறுக்கிட்டுப் பேரத்தை முடித்து வைப்பார். இம்மூன்று மொழிகளும் ஒரு சிறு பிராணியை வசைபாடுவதில் ஒற்றுமை கொண்டுள்ளன. தமிழர் அதனைப் பச்சோந்தி என்பர். தெலுங்கர் ஊசரவெல்லி என்பர். கன்னடர் கோசும்பெ என்பர். கட்சி மாறும் அரசியல்வாதியையும், ஆளுக்கொரு பேச்சுப் பேசும் உறவினரையும் சுட்ட வேண்டுமாயின் மூன்று மொழியினரும் இப்பெயரையே எடுக்கின்றனர்.

வசைச்சொல்லில் நாள்தோறும் வாழும் இப்பிராணியை நேரில் கண்டவர் நம்மில் எத்துணைபேர்? வேலியின்மேல் தலையை ஆட்டிக் கொண்டிருக்கும் ஓணானைக் கண்டு, அதுவே பச்சோந்தி என்று எண்ணுவோர் பலர். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. பச்சோந்தி விரைந்து ஓடாது. காற்றில் ஆடும் இலையைப்போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து அடியெடுத்து வைக்கும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, குறடு பற்றுவதுபோல் கிளையைப் பற்றும். வால் சுருண்டு ஐந்தாவது கையாக உதவும். இரு கண்களும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும். உடலினும் நீண்ட நாவை எறிந்து வெட்டுக்கிளியைப் பிடிக்கும். வாலோடு சேர்த்து ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமே அதன் முழு வளர்ச்சி. உலகில் பச்சோந்தி இனங்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை மடகாஸ்கர் தீவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது ஒரே ஓர் இனந்தான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் புதர்க்காடுகளும், புளிய மரங்களும், கள்ளி வேலிகளும் அதற்கு உகந்த வீடுகள்.

அது நிறம் மாறுவது நம்மை ஏய்ப்பதற்காக என்பது பொதுக் கருத்து. உண்மை வேறு. குளிர்ந்த காலையில் வெயிலை உள்வாங்கக் கருமை கொள்ளும். வெப்பம் மிகுந்தால் வெளிறும். அஞ்சினால் ஒரு நிறம், சினந்தால் ஒரு நிறம், துணையை நாடினால் ஒரு நிறம். சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவாப் பல்கலைக்கழகத்தினர் மடகாஸ்கர்ப் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் இதன் நுட்பத்தை விளக்கினர். தோலிலுள்ள சில உயிரணுக்களில் மிக நுண்ணிய பளிங்குகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடைவெளி கூடும்போதும் குறையும்போதும் அவை திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது என்பது அவர்தம் முடிவு. ஆக, உள்ளே இருப்பதை வெளியே காட்டுவதே இதன் இயல்பு எனலாம். வேடதாரி என்று நாம் பட்டஞ்சூட்டியது, தன் அச்சத்தைக்கூட மறைக்க இயலாத ஓர் எளிய உயிருக்கு!

நச்சுப் பிராணி என்ற பழியும் அதன்மேல் உண்டு. அதற்கு நஞ்சு இல்லை. லேவியர் ஆகமம் 11ஆம் அதிகாரத்தில் தீட்டுள்ள ஊர்வனவற்றோடு இதன் பெயரும் வருகின்றதே என்று கேட்பாரும் உளர். அங்கே சொல்லப்படுவது உண்பதைப் பற்றியும், செத்ததைத் தொடுவதைப் பற்றியுமே ஆகும்; உயிரோடிருப்பதைக் கல்லால் அடிக்க எவருக்கும் அது உரிமை தரவில்லை.

இனி, இவற்றையெல்லாம் சொல்ல நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். சென்ற கோடையில், தொழிற்பேட்டையை அடுத்த வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துச் சிறுவன், அட்டைப் பெட்டி ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு குருமனைக்கு வந்தான். தளிச் சாலைப் பக்கம் மனைப்பிரிவுக்காகப் புதர்களை இயந்திரத்தால் வழித்தபோது, மண்ணோடு மண்ணாய்க் கிடந்த பச்சோந்தியை இரக்கப்பட்டு எடுத்து வந்தவன் அவன். எட்டு நாள் அதனைப் பெட்டியில் வைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் வளர்த்திருக்கிறான். பெட்டிக்குள் ஒரு கிண்ணம். அதில் விளிம்புவரை தண்ணீர். பக்கத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள். மூலையில், கண்கள் குழிந்து மூடி, சாம்பல் பூத்த நிறத்தில் அது ஒடுங்கிக் கிடந்தது.

“கிண்ணம் நெறைய தண்ணி வச்சேன் சாமி. தெனம் மாத்தி மாத்தி வச்சேன். ஒரு வாய்கூடக் குடிக்கலை” என்று சொல்லி அழுதான்.

அவனிடம் அன்பு இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆயினும் அது தாகத்தால் செத்துக் கொண்டிருந்தது. ஏனெனில், பச்சோந்தி கிண்ணத்து நீரைக் குடிக்கும் பிராணி அன்று. அது மரத்தில் வாழ்வது. இலையில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே அது காலங்காலமாகத் தாகந் தீர்த்து வந்திருக்கிறது. ஒளிபட்டு மின்னும் துளியும், இலைநுனியில் அசைந்து சொட்டும் துளியுமே அதன் கண்ணுக்குத் தண்ணீர். அசையாமல் தேங்கிய கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் நீரென்றே அறியாது. நீர் நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே நாவறண்டு மாள்வது அதனால்தான்.

அன்றே கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அதனைக் காட்டினோம். வனத்துறையினருக்கும் சொல்லி அனுப்பினோம். வந்து பார்த்த வனக்காவலர், இந்நிலையில் தூரப் பயணம் ஆகாது, மருத்துவர் சொற்படி தேறும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்நாள்களில் மருத்துவர் சொல்லக் கேட்டவற்றையும் செய்து கண்டவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். புதர்கள் அழியும் நம் பகுதியில் இத்தகைய பெட்டியோடு உங்கள் பிள்ளையும் ஒருநாள் வாசலில் வந்து நிற்கக்கூடும்.

முதலாவது, அறிகுறிகளை அறிதல். நலமுள்ள பச்சோந்தி பகலில் கண்மூடிக் கிடக்காது. கோபுரம்போல் புடைத்திருக்க வேண்டிய கண்கள் உட்குழிந்தால் உடலில் நீர் வற்றியது என்க. தோலில் விழுந்த மடிப்பு விரைவில் நீங்காது. பிடி தளர்ந்து கிளையினின்று விழும். நாவை எறிய வலுவிராது. வாயில் எச்சில் பிசின்போல் இழுபடும். அதன் கழிவில் வெண்மையான ஒரு பகுதி உண்டு. அது மஞ்சளாகவோ, செம்மஞ்சளாகவோ மாறுவது நீர்க்குறைவின் தெளிவான அடையாளம். ஊர்வன தம் நோயைக் கடைசிவரை வெளிக்காட்டா. காட்டத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும். ஆதலால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப் போடலாகாது.

இரண்டாவது, இடத்தை மாற்றுதல். அட்டைப் பெட்டி அதற்குச் சிறை. வெயிலில் வைத்த மூடிய பெட்டியோ கொலைக்களம். தொட்டியில் வளர்ந்த செம்பருத்திச் செடி ஒன்றைத் தாழ்வாரத்தின் நிழலில் வைத்து, அதன் கிளையில் பச்சோந்தியை மெல்ல ஏற்றிவிட்டோம். அரளி முதலிய நச்சுச் செடிகள் ஆகா. காற்றோட்டம் வேண்டும், மிதமான வெதுவெதுப்பும் வேண்டும். ஊர்வன தம் உடலில் தாமே சூட்டை உண்டாக்கிக் கொள்ளா. குளிர்ந்து கிடக்கும் உடலில் செரிமானமும் நடவாது, மருந்தும் சரிவர வேலை செய்யாது. மிகுந்த சூடோ, எஞ்சிய நீரையும் உறிஞ்சிவிடும்.

மூன்றாவது, அது குடிக்கும் முறையில் கொடுத்தல். இஸ்திரி போடுபவர் நீர் தெளிக்கப் பயன்படுத்தும் புட்டியில் தூய வெதுவெதுப்பான நீரை நிரப்பி, இலைகளின்மேல் மழைத்தூறல்போல் நெடுநேரம் தெளித்தோம். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடியில் ஊசித்துளையிட்டு, செடிக்குமேல் கட்டித் தொங்கவிட்டு, இலையிலிருந்து இலைக்குச் சொட்டும்படி செய்தோம். ஒருமுறை தெளித்துவிட்டுப் போய்விட்டால் பயனில்லை. துளியைக் கண்டு, அச்சம் நீங்கி, நா நீட்டத் துணிய அதற்குப் பத்து இருபது நிமிடங்கள்கூட ஆகும். அதற்குள் துளி காய்ந்துவிடக் கூடாது. அதே வேளையில், தெளித்த ஈரம் இடையிடையே உலரவும் வேண்டும்; காற்றில்லா ஈரத்திலேயே வைத்திருந்தால் நுரையீரல் நோய் வரும்.

நான்காவது, பலவந்தம் செய்யாமை. குடிக்கவில்லையே என்ற பதைப்பில் வாயைப் பிளந்து சிரிஞ்சால் நீரைப் பாய்ச்சுவோர் உண்டு. பச்சோந்தியின் மூச்சுத் துளை வாய்க்குள்ளேயே முன்பக்கமாக அமைந்திருக்கிறது. பாய்ச்சிய நீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். உதட்டோரம் ஒரு துளியை வைத்து, அது தானே நக்கும்வரை காத்திருப்பதே முறை. நக்கவும் வலுவில்லாத நிலையில் மருத்துவர் தோலின்கீழ் நீர்மருந்தை ஊசியால் ஏற்றுவார். அதன் அளவு எவ்வளவு தெரியுமா? பொதுவாக உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. ஐம்பது கிராம் எடையுள்ள பச்சோந்திக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை. அதாவது பத்து முதல் இருபது துளிகள். ஒரு தேக்கரண்டியைக்கூட அது நிரப்பாது. மனிதருக்கான உப்பு சர்க்கரைக் கரைசலையோ, பாலையோ நாமாக ஊற்றுதல் கூடாது.

ஐந்தாவது, உணவுக்கு அவசரப்படாமை. மெலிந்திருக்கிறதே என்று உடனே ஊட்ட மனம் துடிக்கும். ஆனால் செரிமானத்துக்கே நீர் வேண்டும். நீர் வற்றிய குடலில் இறங்கிய உணவு அங்கேயே தங்கிக் கேடு செய்யும். முதலில் நீர், கண் தெளிந்த பின்னரே இரை. அதுவும் சோறன்று, சிறு வெட்டுக்கிளி, பூச்சி முதலியன, அதன் தலையின் அகலத்துக்கு மிகாதவை. அடிக்கடி கையில் எடுப்பதும், அண்டை வீட்டாரை அழைத்து வந்து காட்டுவதும் நோயை வளர்க்கும். அதற்கு நம் முகம் ஓர் அச்சம். தொட்டவர், குறிப்பாகச் சிறுவர், சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் மனிதருக்கு வயிற்றுநோய் தரும் கிருமிகள் இருக்கக்கூடும்.

இரண்டாம் நாள் பிற்பகலில், இலைநுனியில் தொங்கிய துளியை நோக்கி அதன் நா மெல்ல நீண்டது. சிறுவன் வாயைப் பொத்திக் கொண்டு நின்றான். சத்தம் போட்டால் அது நிறுத்திவிடுமோ என்ற பயம் அவனுக்கு. நான்காம் நாள் கண்கள் புடைத்துச் சுழலத் தொடங்கின, பசுமை திரும்பியது. ஆறாம் நாள் ஒரு வெட்டுக்கிளியை நா வீசிப் பிடித்தது. இன்னும் இரண்டொரு நாள் சென்றிருந்தால் இது பிழைத்திராது என்றார் மருத்துவர். அதன் காரணத்தையும் விளக்கினார். ஊர்வன நீரைச் சேமிக்கும் பொருட்டுக் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக, கெட்டியாகவே வெளியேற்றுகின்றன. நீர் வற்றினால் அவ்வமிலம் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிந்து உறைகிறது. சிறுநீரகம் கெட்ட பின்னர் குடங்குடமாய் நீர் கிடைத்தாலும் பயனில்லை. தாகத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதை அன்று அறிந்து கொண்டோம்.

தேறிய பின் சிறுவன் கேட்டான்: “இனிமே நானே வளக்கட்டுமா சாமி? இப்பத்தான் எப்படித் தண்ணி குடுக்கறதுன்னு தெரிஞ்சு போச்சே.”

கேட்டது நியாயமே. ஆயினும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதையும், வீட்டில் வைத்திருப்பதையும், விற்பதையும் தடை செய்கிறது. வெளிநாட்டில் வளர்ப்புப் பிராணியாகப் பெயர்பெற்றது ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளைச் சேர்ந்த வேறோர் இனம். அத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போரும் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, அதற்கு வேண்டிய கதிரொளியையும், பலவகைப் பூச்சிகளையும், சுண்ணாம்புச் சத்தையும், அதிகாலைப் பனியையும் நான்கு சுவர்களுக்குள் யாரால் தர இயலும்? அங்கே கூண்டில் வளரும் பச்சோந்திகளுக்கும் அடிக்கடி நேரும் கேடு இந்த நீர்வற்றல்தான். காட்டில் அதற்கு ஒரு மருத்துவரும் தேவையில்லை. ஒரு வேலி போதும்.

ஒரு காலைப் பொழுதில் வனக்காவலர் அதனை எடுத்துச் சென்று காப்புக்காட்டு ஓரத்துப் புதரில் விட்டார். சிறுவனும் தந்தையோடு போய் வந்தான். கிளையைப் பற்றியதும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அவனுக்கு அதில் சற்று வருத்தந்தான்.

குடும்பத்தாரே! சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் இங்கே தொடங்கியது முதல் எத்தனையோ ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இம்மண்ணில் வேரூன்றியவர்கள் நாம். கணவருக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு ஒரு ஷிப்டு. வீட்டில் எவருக்கும் எதுவும் குறையக் கூடாதென்று உழைக்கிறோம். கிண்ணங்களை நிறைத்து வைக்கிறோம். ஊரிலிருந்து அழைத்து வந்த வயது முதிர்ந்த தாய்க்கு மூன்று வேளைச் சோறு மேசையில் இருக்கிறது, மாத்திரை டப்பாவில் இருக்கிறது, தொலைக்காட்சியும் ஓடுகிறது. ஆயினும் நாளுக்கு நாள் அவர் ஒடுங்குகிறார். “எல்லாம் வச்சுட்டுத்தானே போறோம், ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்க?” என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. தெருத் திண்ணையில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டே உண்டு பழகியவருக்கு, பூட்டிய வீட்டில் மூடி வைத்த தட்டு உணவாகவே தோன்றுவதில்லை. அருகே அமர்ந்து, “அம்மா, அந்தக் காலத்தில் நம்ம கிணத்தடியில…” என்று தொடங்கும் ஒரு பேச்சே அவர் அறிந்த நீர்த்துளி.

பள்ளிக் கட்டணமும் கைபேசியும் குறையின்றிப் பெற்று, எவரிடமும் வாய் திறவாத வளர்ந்த மகனும் அவ்வாறே. ஆறு நாள் முகம் பாராமல் இருந்துவிட்டு, ஞாயிறன்று உட்கார வைத்து ஒரு மணி நேரம் அறிவுரை பாய்ச்சுவது, சிரிஞ்சால் வாயில் பாய்ச்சும் நீரைப் போன்றது. அது நெஞ்சுக்குப் போகாது, மூச்சைத்தான் அடைக்கும். நாள்தோறும் பத்து நிமிடம், சிறு துளியாய், அவன் தானே நா நீட்டும்வரை பொறுத்திருந்து கொடுக்க வேண்டும். அவனும் தன் நோயைக் கடைசிவரை வெளிக்காட்ட மாட்டான்; ஆகவே கண் குழியும் முன்னரே பார்க்க வேண்டும். தேறிய பின்னர், அவனுக்குரிய கிளையில் அவனை விட்டுவிடவும் வேண்டும். நாம் நீர் வார்த்தோம் என்பதற்காக அவன் நம் பெட்டியிலேயே இருக்கக் கடமைப்பட்டவன் அல்லன்.

இந்தக் கோடையில் உங்கள் தோட்டத்து வேலியை வெட்ட நேர்ந்தால், அதற்கு முன் கிளைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வேப்பமரத்து இலைகளின்மேல் மாலையில் ஒரு வாளி நீரைத் தெளித்து விடுங்கள். சாலையைக் கடக்கும் அந்த மெல்லடிக்காரனைக் கண்டால், வண்டியை நிறுத்தி, ஒரு குச்சியை நீட்டி, அது பற்றிக் கொண்டதும் அது போக நினைத்த பக்கத்துப் புதரில் விட்டுச் செல்லுங்கள். காயமோ, மயக்கமோ இருந்தால் வனத்துறைக்கோ, கால்நடை மருத்துவருக்கோ அன்றே சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் யாருடைய கிண்ணம் தொடப்படாமலே இருக்கிறது என்று பாருங்கள். கிண்ணத்தை மீண்டும் நிறைப்பதற்கு முன், அவர் எந்த முறையில் குடிப்பவர் என்று கேளுங்கள்.